பதினோராம் படத்துக்குக் குறிப்பு

சங்கத்து மலருக்கு இருபத்தாறு படம்.
குறிப்பெழுதும் வேலை என் தலையில் விழுந்தது.
மல்லாவிக் கிளையில்
என் கையெழுத்தைத்தான் வாசிக்கலாமாம்.

ஒன்பதாவதில் ஒலிவாங்கி இல்லை.
ஐம்பத்தெட்டு. மாட்டு வண்டிமேல் ஒருவர் ஏறி நிற்க
சனம் அவருடைய முழங்காலை முட்டிக்கொண்டு நிற்கிறது.
ஒரு தொண்டை எட்டும் தூரம்தான்
அந்தக் கூட்டத்தின் அகலம்.

பதினோராவதில் சனம் பரந்துவிட்டது.
சிலர் வாய்க்கால் கட்டில், சிலர் சைக்கிள் பாரில்.
முன்னால் ஒருவர் ஒலிவாங்கியில் வாய் பிளந்து நிற்கிறார்,
கழுத்து நரம்பு புடைத்தபடி.
பின்புறம் பென்சிலில்:
புரட்டாதி எழுபத்திமூன்று, வவுனிக்குளம், காலபோகக் கூட்டம்.
பெயர் இல்லை.
வாய் இருந்தால் பெயரும் இருக்கத்தானே வேணும்
என்கிறார் தலைவர்.

ஒரு கிழமைக்குள் அந்த வாய்க்கு
மூன்று குடும்பம் உரிமை கேட்டு வந்தது.
ஒரு வீட்டார் பேச்சையே கொண்டுவந்தார்கள்,
பதினாறு பக்கம், தட்டச்சில்.
'வாய்க்காலின் கடைசிக் காணிக்காரனுக்கும்' என்ற இடத்தில்தான்
படம் எடுபட்டதாம்.
உற்றுப் பார்த்தேன்.
'வா' வாக இருக்கலாம்.
கொட்டாவியாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்ததென்னவோ குழல்தான்.
பாலை மரக் கவரில், மாட்டுக் கயிற்றால் கட்டுண்டு,
ஊமத்தம்பூவைப் பெருப்பித்த மாதிரி.
அதிலிருந்து ஒரு வயர் தொய்ந்து தொய்ந்து வந்து
மேசைக்குக் கீழே லொறி பற்றரியில் முடிகிறது.
சனம் முழுக்கக் குழலையே பார்க்கிறது.
மனிதனை ஒருவரும் பார்க்கவில்லை.
குரல் வருகிற பக்கம்தானே முகம் போகும்.

பசளை மானியப் படிவத்தோடு வந்த கமலவேணி
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
தலைகீழாகவே பார்த்துச் சிரித்துவிட்டாள்.
"உது எங்கட அழகரத்தினம் மாமா.
கலைவாணி சவுண்ட் சேர்விஸ், துணுக்காய்.
அவர் எங்க பேசினவர்? மைக் சோதிக்கிறார்.
இடக்கையைப் பாருங்கோவன்."

பார்த்தேன். திருப்புளி.
பிறகு மற்றதெல்லாம் தெரிந்தது.
மேடையில் ஐந்து கதிரை, ஐந்தும் வெறுமை.
மாலைகள் இன்னும் தட்டத்தில்.

ஒண்டு. ரெண்டு. மூண்டு.
கேக்குதோ?

கடைசி வரிசையில், ஒரு குடைக்குப் பக்கத்தில்,
ஒரு பெண்ணின் கை உயர்ந்திருக்கிறது.

சீவியத்தில் அவர் பேசின பேச்சு அவ்வளவுதான் என்றாள்.
கையெழுத்து வைத்துக்கொண்டே, இல்லை, என்றாள்.
கடைசி வருசம், விசுவமடுப் பக்கம்,
உழவு மெசினில் குழலைக் கட்டிக்கொண்டு
ஒழுங்கை ஒழுங்கையாகப் போனவராம்
யாரோ தவறவிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி.
ஆறு வயது. மஞ்சள் சட்டை. இடது காதில் மச்சம்.
பற்றரி இறங்கும் வரைக்கும்.
பிள்ளை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.
அவள் பேனையைத் திருப்பித் தந்தாள்.

இப்படி எழுதினேன்:
'க. அழகரத்தினம் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறார்.
கூட்டம் இன்னும் தொடங்கவில்லை.'
மூன்று குடும்பமும் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

மலர் வந்தது. எழுத்துப் பிழை இல்லை.
ஆனால் பக்கம் காணாதென்று அச்சகத்தார்
வலது ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.
பாலை போயிற்று, கயிறு, குழல் போயிற்று.
வயர் தாளின் விளிம்பு வரை போய்
அங்கேயே நிற்கிறது.
இருநூறு முகம், அண்ணாந்தபடி,
படத்துக்கு வெளியே எதையோ பார்க்கின்றன.

தேத்தண்ணி ஆற்றுகிற யூட்
கையைத் துடைத்துவிட்டுப் புரட்டினவன்
அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டான்:
"இதென்ன அண்ணை, கிபிர் வந்த நேரமோ?"

ஆண்டைக் காட்டினேன்.
"ஓ" என்றான்,
விரலை எடுக்காமல்.